வயிற்றளவு குறைவு என்ற சொல்லுக்குப் பின் கிடைத்த சேவை: அளவுநாடாவும் வளர்ச்சி ஸ்கேனும்

கர்ப்பகாலப் பரிசோதனைகளில் சில நொடிகளில் முடிந்துவிடுவது வயிற்றை நாடாவால் அளப்பது. ஆனால் அந்த எண் வாரத்துக்குக் குறைவாக வந்துவிட்டால், அது தாயின் மனத்தில் வெகு நாள்கள் தங்கிவிடுகிறது. 31ஆவது வாரத்தில் என் வயிற்றளவு 28 செ.மீ. என்று பரிசோதனை அட்டையில் குறிக்கப்பட்டது. அந்தக் குறிப்பு எழுதப்பட்ட மருத்துவமனையில் கிடைத்த சேவையையும், பிறகு வேறொரு மருத்துவமனையில் மறுபடி அளந்து, வளர்ச்சி ஸ்கேன் எடுத்து, விளக்கம் சொன்ன சேவையையும் இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். வயிறு சிறிதாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டுவிட்டு உறக்கமில்லாமல் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு, எந்தச் சேவையை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெறலாம் என்பது தெரிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவுநாடா கேள்வியை எழுப்பும் வேலையை நன்றாகவே செய்கிறது. பதிலை ஸ்கேனிடமும், ஸ்கேன் அறிக்கையைப் படித்துச் சொல்லத் தெரிந்த மருத்துவரிடமும்தான் பெற வேண்டும். கேள்வியை எழுப்பிவிட்டு அடுத்து என்ன என்று சொல்லாமல் அனுப்பிவைக்கும் இடம், எவ்வளவு நவீனக் கருவிகளை வைத்திருந்தாலும், தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் நாடாவைப் பற்றி. அளக்கப்படுவது வயிற்றின் சுற்றளவு அன்று, கருப்பையின் உயரம். அடிவயிற்றின் கீழே, முன்பக்க இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரையுள்ள தூரமே அந்த எண். கருப்பை ஏறத்தாழ 12ஆவது வாரத்தில் இடுப்பெலும்புக்கு மேலே கைக்குத் தட்டுப்படத் தொடங்குகிறது. 20ஆவது வாரத்தை ஒட்டித் தொப்புள் மட்டத்தை எட்டுகிறது. 36ஆவது வாரத்தில் மார்பெலும்பின் கீழ்நுனியை நெருங்குகிறது. 24ஆவது வாரத்துக்குப் பிறகு, இந்த உயரம் செ.மீட்டரில் கர்ப்ப வாரத்தின் எண்ணோடு ஏறத்தாழ ஒத்துப்போகும், 2 செ.மீ. கூடுவதும் குறைவதும் இயல்பு என்று கொள்ளப்படுகிறது. 31 வாரத்துக்கு 28 என்பது அந்த இடைவெளியை ஒரு செ.மீ. தாண்டியிருந்தது. கவனிக்க வேண்டிய அளவு; ஆனால் தன்னளவில் எந்த நோயையும் அறிவிக்காத அளவு.

இந்த விளக்கத்தில் ஒரு வரி கூட எனக்கு முதல் மருத்துவமனையில் சொல்லப்படவில்லை. முன்பு நான் கண்ட பரிசோதனைகளில் ஒருவர் அளந்தார், அந்த முறை வேறொருவர் அளந்தார். ஒருமுறை மல்லாந்து படுத்த நிலையிலும் இன்னொரு முறை பாதி சாய்ந்த நிலையிலும் அளந்தார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரும்படி யாரும் சொல்லவில்லை. நாடாவின் எண்கள் மேலே தெரியும்படி பிடித்துத்தான் அளந்தார்கள். இவை அற்பமான விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பரிசோதனையின் தரம் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளி அளவைக் கூட்டிக் காட்டும். படுக்கும் நிலை மாறினால் அளவும் மாறும். வாரம் 31 என்று தெரிந்த ஒருவர் எண்களைப் பார்த்துக்கொண்டே அளந்தால், தாம் எதிர்பார்க்கும் எண்ணை நோக்கி விரல் நகர்வது மனித இயல்பு. கைக்குக் கை 1 அல்லது 2 செ.மீ. மாறக்கூடிய பரிசோதனையில், 3 செ.மீ. குறைவு என்பதன் பொருளைச் சொல்லுமுன் அளந்த விதத்தை ஆராய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "வயிறு கொஞ்சம் சிறிதாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அந்த ஆலோசனையின் இரண்டாம் பகுதி முதல் பகுதியை விட என்னைக் காயப்படுத்தியது. ஏனென்றால் குழந்தைக்குக் குறை ஏதும் இருந்தால் அது என் உணவுத் தட்டிலிருந்து வந்தது என்ற குற்ற உணர்வை அது என் மீது சுமத்தியது. சத்தான உணவு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தேவைதான். ஆனால் குழந்தையின் வளர்ச்சி உண்மையில் தடைப்பட்டிருந்தால், அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது நஞ்சுக்கொடியின் செயல்திறன். தாய் இரண்டு கவளம் கூடுதலாக உண்பதால் அது சரியாகிவிடாது.

இரண்டாவது மருத்துவமனையில் மூத்த செவிலியர் ஒருவர் அளந்த விதம் எப்படி இருந்தது என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான் இந்தச் சேவைக்கு உயர்ந்த மதிப்பு அளிப்பதற்கு அதுவே முதற் காரணம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். முதுகு சற்றே உயர்ந்திருக்கும்படி சாய்த்துப் படுக்கவைத்தார். இரு கைகளாலும் வயிற்றைத் தொட்டு, குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், கருப்பையின் உச்சி எங்கே என்று நிதானமாகக் கண்டறிந்த பிறகே நாடாவை எடுத்தார். இழுபடாத நாடா, எண்கள் உள்பக்கம் இருக்கும்படி திருப்பி, கருப்பையின் உச்சியில் ஒரு முனையை வைத்து, கருப்பை சாய்ந்திருக்கும் போக்கிலேயே கீழே இடுப்பெலும்பு வரை கொண்டுவந்து, பிடித்த இடத்தைக் குறித்த பின்னரே திருப்பிப் படித்தார். ஒரே ஒருமுறைதான் அளந்தார். பிறகு அந்த எண்ணை வெறுமனே எழுதிவிடாமல் வளர்ச்சிக் கோட்டு வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, என் முந்தைய அளவுகளையும் அதே தாளில் புள்ளிகளாக வைத்துக் காட்டினார். அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், தனி எண்ணை விட எண்களின் போக்கே முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது. சிறிய வயிறு தன் கோட்டிலேயே சீராக ஏறிக்கொண்டிருந்தால் அது ஒரு செய்தி. நன்றாக ஏறிவந்த கோடு திடீரெனத் தட்டையாகிவிட்டால், அளவு இயல்பின் எல்லைக்குள் இருந்தாலும், அது வேறு செய்தி.

அவருடைய அளவு 29 செ.மீ. என்று வந்தது. அதைக் கேட்டதும் கவலை தீர்ந்தது என்று நான் எழுத மாட்டேன். அவரும் அப்படிச் சொல்லவில்லை. முந்தைய அளவுகள் யார் யாரோ எடுத்தவை என்பதால் போக்கை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது என்று மருத்துவரிடம் பரிந்துரைத்தார். அளவு மேம்பட்டுவிட்டது என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. அதைச் செய்யாததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நாடாவின் எல்லைகளைப் பற்றி ஆய்வுலகம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கருப்பை உயரத்தை நாடாவால் அளப்பதையும் கையால் தொட்டு மதிப்பிடுவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிய 2015ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) மதிப்பாய்வுக்கு, 1,639 பெண்கள் பங்கேற்ற ஒரே ஒரு பரிசோதனை ஆய்வுதான் கிடைத்தது. இரண்டில் எது சிறந்தது என்று முடிவு செய்ய அதில் போதிய சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும், கையால் தொட்டுப் பார்ப்பதைக் கைவிட்டு நாடாவுக்கு மாற வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கே எது வழக்கமோ அதைத் தொடரலாம் என்றே சொல்கிறது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதலோ, 24ஆவது வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு பரிசோதனையிலும் அளக்கச் சொல்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அளக்க வேண்டாம் என்கிறது. இந்தக் கருத்து வேறுபாடுகள் ஒரு கர்ப்பிணியைக் குழப்பத் தேவையில்லை. செலவும் வலியும் இல்லாத இந்தப் பரிசோதனை, கவனத்தை ஈர்க்கப் போதுமானது. தீர்ப்பு வழங்கப் போதாது. இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள், கருப்பையில் பெரிய நார்க்கட்டிகள் உள்ளவர்கள், உடல் நிறை குறியீட்டெண் 35க்கு மேல் உள்ளவர்கள் ஆகியோருக்கு நாடாவின் எண் நம்பகமாக இருக்காது என்பதால், அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே ஸ்கேன் மூலம் வளர்ச்சியைக் கண்காணிப்பதே முறை.

ஸ்கேனுக்கு முன், அளவு குறைவாக வருவதற்கான காரணங்களை மருத்துவர் வரிசைப்படுத்திச் சொன்னார். முதலில் அவர் திறந்து பார்த்தது என் முதல் ஸ்கேன் அறிக்கையை. 11 முதல் 14 வாரங்களுக்குள் குழந்தையின் தலை உச்சியிலிருந்து புட்டம் வரை அளந்து கணக்கிட்ட நாள்தான் மிகவும் நம்பத்தக்கது. கடைசி மாதவிலக்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால், சுழற்சி நீண்ட பெண்களுக்கு வாரக் கணக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னே போயிருக்கக்கூடும். அப்போது வயிறு சிறிதாக இல்லை, கணக்குத்தான் பெரிதாக இருக்கிறது. அடுத்து, குழந்தை குறுக்காகப் படுத்திருந்தால் கருப்பை அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். உயரமான உடல்வாகு, முதல் கர்ப்பத்தில் இறுக்கம் தளராத வயிற்றுத் தசைகள் ஆகியவையும் வெளியே தெரியும் வயிற்றைச் சிறிதாகக் காட்டும். கடைசி வாரங்களில் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கிவிட்டால், அதுவரை ஏறிவந்த உயரம் குறைவதும் உண்டு. 36 வாரத்துக்குப் பிறகு வயிறு இறங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இவை போக, பனிக்குட நீர் குறைந்திருப்பதும், குழந்தை இயல்பிலேயே சிறிய உடலமைப்புக் கொண்டதாக இருப்பதும், நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ஊட்டம் கிடைக்காமல் வளர்ச்சி தடைப்பட்டிருப்பதும் மீதிக் காரணங்கள். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பதற்காகவே மற்ற அனைத்தையும் ஆராய வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பயமுறுத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. என் இரத்த அழுத்தத்தை அளந்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்ததும் இதன் தொடர்ச்சிதான். உயர் இரத்த அழுத்தமும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவும் பல வேளைகளில் ஒரே நஞ்சுக்கொடிப் பிரச்சினையின் இரு முகங்கள்.

வளர்ச்சி ஸ்கேனில் குழந்தையின் நான்கு அளவுகள் எடுக்கப்பட்டன: தலையின் அகலம், தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம். இவற்றைச் சூத்திரத்தில் இட்டுக் குழந்தையின் எடை மதிப்பிடப்படுகிறது. இந்த எடை தராசில் நிறுத்த எடை அன்று. 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ வாய்ப்பு உண்டு என்பதை அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்கள். அதைச் சொல்லாமல் கிராம் கணக்கை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கும் ஸ்கேன் மையங்கள், பெண்களைத் தேவையின்றி அலைக்கழிக்கின்றன. நான்கில் வயிற்றின் சுற்றளவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. குழந்தைக்கு ஊட்டம் குறையும்போது உடல் மூளையைக் காத்து, கல்லீரலில் சேமித்ததைச் செலவழிக்கிறது. அதனால் தலை தன் வேகத்தில் வளர, வயிறு பின்தங்குகிறது. என் குழந்தைக்குத் தலையும் வயிறும் தொடையெலும்பும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன. மதிப்பிட்ட எடை 15ஆவது சதமானத்தில் இருந்தது. அதாவது அதே வாரத்தில் உள்ள நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால், சிறியதிலிருந்து பதினைந்தாவது இடம். 10ஆவது சதமானத்துக்குக் கீழே போனால்தான் வாரத்துக்குச் சிறிய குழந்தை என்று வகைப்படுத்துவார்கள். அப்படி வகைப்படுத்தப்படும் குழந்தைகளிலும் பெரும்பாலானவை பெற்றோரின் உடல்வாகைக் கொண்டு இயல்பாகச் சிறியவை, நலமானவை. 3ஆவது சதமானத்துக்குக் கீழே இருப்பதும், இரத்த ஓட்டத்தில் மாற்றம் தெரிவதும், அடுத்தடுத்த ஸ்கேன்களில் கோடு சரிவதும்தான் வளர்ச்சித் தடையை உறுதியாகச் சுட்டும் அடையாளங்கள்.

இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையைச் செய்தவர், திரையில் மேடும் பள்ளமுமாக ஓடிய அலைகளைக் காட்டி, குழந்தையின் இதயம் இரு துடிப்புகளுக்கு இடையே ஓய்வெடுக்கும் நேரத்திலும் தொப்புள்கொடியில் இரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கித் தடையின்றி ஓடுகிறது என்பதை விளக்கினார். நஞ்சுக்கொடியில் தடை கூடும்போது அந்த ஓட்டம் குறையும், பிறகு நின்றுபோகும், மிகக் கடுமையான நிலையில் பின்னோக்கியும் திரும்பும். அந்த நிலைகளில்தான் பிரசவத்தை எப்போது நடத்துவது என்ற முடிவு எடுக்கப்படுகிறது. பனிக்குட நீரின் ஆழமான இடம் 2 செ.மீட்டருக்கு மேல், 8 செ.மீட்டருக்குள் இருந்ததால் அதுவும் இயல்பு என்றார். இந்த ஸ்கேன் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். ஒரே ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால், அறிக்கையில் உள்ள சுருக்கெழுத்துகள் எதற்கும் விளக்கக் குறிப்பு இல்லை. வாய்மொழியாகக் கேட்டதை வீட்டுக்கு வந்து நினைவுகூர்வது பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு எளிதன்று.

அடுத்த ஸ்கேன் மூன்று வாரம் கழித்துத்தான் என்று சொன்னபோது, ஏன் அடுத்த வாரமே எடுக்கக் கூடாது என்று கேட்டேன். ஸ்கேனின் அளவுப் பிழையை விடக் குழந்தையின் வளர்ச்சி பெரிதாக இருந்தால்தான் இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. இரண்டு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் எடுத்தால், வளராத குழந்தை வளர்ந்ததாகவும் வளர்ந்த குழந்தை வளராததாகவும் தவறாகத் தெரியலாம் என்று மருத்துவர் விளக்கினார். டாப்ளர் மட்டும் வேண்டுமானால் முன்னதாகப் பார்க்கலாம், உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றார். காத்திருக்கச் சொல்வதை யாரும் விரும்புவதில்லை; ஆனால் காத்திருப்பதற்கான காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்த நாள்களைக் கடப்பது எவ்வளவோ இலகுவாகிறது.

அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு அவர் கொடுத்த அறிவுரைதான் முழுச் சேவையிலும் மிக மதிப்புள்ள பகுதி. குழந்தையின் அசைவைக் கவனியுங்கள் என்றார். இத்தனை உதை என்று எல்லாக் குழந்தைக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் குழந்தைக்கென்று எந்த நேரத்தில் எப்படி அசையும் என்ற வழக்கம் உண்டு, அந்த வழக்கத்திலிருந்து குறைந்தாலோ மாறினாலோ, ஸ்கேன் நன்றாக இருந்ததே என்று எண்ணிக் காலை வரை பொறுக்காமல் அன்றே, இரவானாலும், வந்துவிடுங்கள் என்றார். கடைசி மாதத்தில் இடமில்லாமல் அசைவு குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியன்று, அசைவின் தன்மை மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. இனிப்பான எதையாவது குடித்துவிட்டு அசைகிறதா என்று சோதித்துக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். நாடாவின் எண்ணை விடவும், சில வேளைகளில் ஸ்கேனின் எண்ணை விடவும், அவசரமான செய்தி அசைவில்தான் இருக்கிறது. முதல் மருத்துவமனையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை என்பதே அதற்கு நான் மிகக் குறைந்த மதிப்பு அளிப்பதற்கு முக்கியக் காரணம்.

வீட்டில் பயன்படுத்தும் பொருள்களைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். தையல் நாடாவால் தாமே அளந்து பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கருப்பையின் உச்சியைத் தன் கையால் சரியாகக் கண்டறிவது பயிற்சி வேண்டும் வேலை, நாள்தோறும் அளந்தால் கிடைப்பது அளவு மாற்றமன்று, கவலை மாற்றம் மட்டுமே. வாரா வாரம் குழந்தையின் எடை இத்தனை கிராம் என்று காட்டும் கைப்பேசிச் செயலிகள் சொல்வது சராசரியை. உங்கள் குழந்தையை அவை பார்த்ததில்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் இதயத்துடிப்புக் கருவியை நான் கடுமையாகவே மறுக்கிறேன். துடிப்பு கேட்கிறது என்பது குழந்தை நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. தாயின் இரத்த நாள ஒலியையே குழந்தையின் துடிப்பு என்று நம்பி, அசைவு குறைந்த பிறகும் வீட்டிலேயே இருந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. எட்டு மாத வயிறு போலவே தெரியவில்லையே என்று பார்ப்பவர்கள் சொல்லும் சொல்லுக்கோ எந்த மருத்துவ மதிப்பும் இல்லை. உடைக்கு வெளியே தெரியும் வடிவத்தை வைத்துக் கருப்பையின் உயரத்தை யாராலும் சொல்ல முடியாது.

அளவு குறைவு என்று கேட்ட எவரும், எழுந்து வருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் வாரக் கணக்கு எந்த ஸ்கேனை வைத்துப் போடப்பட்டது, என் முந்தைய அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால் கோடு எப்படிப் போகிறது, ஸ்கேன் தேவையா, தேவையென்றால் சில நாள்களுக்குள் கிடைக்குமா, அதில் டாப்ளரும் நீரின் அளவும் பார்ப்பீர்களா, இரவில் அசைவு குறைந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சலின்றிப் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். இரண்டாவது மருத்துவமனையில் நான் கேட்காமலேயே பெரும்பாலானவற்றுக்குப் பதில் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழந்தை ஏறத்தாழ அதே சதமானக் கோட்டில் வளர்ந்திருந்தது. தொப்புள்கொடியின் இரத்த ஓட்டமும் நீரும் இயல்பாகவே இருந்தன. அதன் பிறகும் அதே செவிலியரே ஒவ்வொரு முறையும் அளக்கும்படி நேரத்தை ஒதுக்கித் தந்தார்கள். நான் கேட்டுக்கொண்டபடி வளர்ச்சி வரைபடத்தின் நகலையும் கொடுத்தார்கள். வேறு மருத்துவமனையில் பிரசவம் நடக்க நேர்ந்தால், அங்கே முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான் என்பதால், அதைக் கேட்காதவர்களுக்கும் தாங்களாகவே கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் தொடங்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.